ஆடிட்டர் சொன்ன வரி யோசனையால் பணம் போனதா? நஷ்டஈடு கேட்கும் வழி

"ரீஃபண்ட் வாங்கித் தர்றேன் சார், நான் பார்த்துக்கிறேன்" என்றவரை நம்பி, கொடுக்காத கட்சி நன்கொடையும் வாங்காத கல்விக் கடனும் தங்கள் ரிட்டர்னில் ஏறியிருப்பதை வரித் துறையின் கடிதம் வந்த பிறகே அறிகிறவர்கள் நிறையப் பேர். இப்படிப்பட்ட போலிக் கழிவுகளுக்காக 2025 ஜூலை 14 அன்று தமிழ்நாடு உட்பட நாடெங்கும் 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே விலக்கிக்கொண்டார்கள் என்றும் துறை அறிவித்தது.

இந்த வேலையைச் செய்துகொடுத்தவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கலாமா? ஒரு பகுதியை வாங்கலாம். ஆனால் வரிசை தவறக் கூடாது.

1. முதலில் துறையோடு தீர்த்துக்கொள்ளுங்கள்

ஆடிட்டர் மேல் உள்ள கோபத்தில் துறையின் நோட்டீஸுக்குப் பதில் போடாமல் விடாதீர்கள். நோட்டீஸ் வருவதற்கு முன்பே 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போடுவதுதான் மலிவு. மதிப்பீட்டு ஆண்டு முடிந்த முதல் 12 மாதத்துக்குள் போட்டால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அது 50, 60, 70 சதவீதம் என்று ஏறும். துறையே கண்டுபிடித்து 'தவறான தகவல்' என்று முடிவு செய்தால் அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு. இந்த வேலைக்கு வேறொரு ஆடிட்டரைப் பிடியுங்கள். பழையவரிடமே திருத்தக் கொடுத்தால் ஆதாரமும் அவர் கைக்குப் போய்விடும்.

2. அவர் யார் என்று பாருங்கள்

வரிக் கணக்கு போடுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்கிறோம். அவர் சார்ட்டர்டு அக்கவுன்டன்டா, வரி ஆலோசகரா, வக்கீலா, வெறும் ஏஜென்டா என்பதைப் பொறுத்துத்தான் எங்கே புகார் செய்வது என்பது அமையும். லெட்டர்ஹெட்டிலோ சான்றிதழிலோ ஐசிஏஐ (இந்திய சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்கள் கழகம்) உறுப்பினர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. ஆதாரத்தை அன்றே எடுத்து வையுங்கள்

ஈ-ஃபைலிங் தளத்தில் நுழைந்து, தாக்கல் செய்த ரிட்டர்ன் முழுவதையும் பிடிஎஃப்பாக இறக்குங்கள். அடுத்து புரொஃபைலில் உள்ள ஈமெயிலையும் போன் எண்ணையும் பாருங்கள். அவை உங்களுடையவை இல்லையென்றால், மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பலருக்கும் துறையின் கடிதம் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதற்கு இதுதான் காரணம். அவருக்கு ஜிபேயில் அனுப்பிய பணத்தின் விவரம், வாட்ஸ்அப் உரையாடல், நீங்கள் அவருக்குக் கொடுத்த ஃபார்ம் 16 எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வழக்கு சிவில் கோர்ட்டுக்குப் போனால் வாட்ஸ்அப் பிரிண்ட்டோடு பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழும் வேண்டும். ஆகவே அந்த போனை விற்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

4. நஷ்டத்தைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். கட்டிய மொத்தத் தொகையையும் கேட்டு நோட்டீஸ் விடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒரே வரியில் உடைத்துவிடுகிறார். வரி எப்படியும் நீங்கள் கட்ட வேண்டியதுதான். அவர் ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் அது உங்கள் பையிலிருந்துதான் போயிருக்கும். அவருடைய தவறால் கூடுதலாகப் போனது மட்டுமே நஷ்டம்.

உதாரணமாக, பொய்க் கழிவால் வந்த ரீஃபண்ட் 40,000 ரூபாய், வட்டி 6,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 46,000. அதில் 25 சதவீதம் 11,500. பழையவர் வாங்கிய கட்டணம் 4,000, புதியவருக்குக் கொடுத்தது 3,000. கேட்க வேண்டியது 6,000 + 11,500 + 4,000 + 3,000 = 24,500. அந்த 40,000 இதில் வரவே கூடாது. "பணம் இத்தனை நாள் உங்கள் கையில்தானே இருந்தது" என்று வட்டியையும் மறுப்பார்கள்; அதனால் வட்டியைத் தனி வரியாகக் காட்டுங்கள், அது போனாலும் மற்றவை நிற்கும். மன உளைச்சலையும் வழக்குச் செலவையும் தனியே கேளுங்கள்.

அடுத்து, "ஓடிபி நீங்கள்தானே கொடுத்தீர்கள், உங்களுக்குத் தெரியாதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். நன்கொடை பொய் என்று தெரிந்தே ஒப்புக்கொண்டிருந்தால் இந்த வழக்கைப் போடாதீர்கள். அது உங்கள் மேலேயே திரும்பும். வீட்டு வாடகை ரசீதை உண்மையாகக் கொடுத்தும் அவர் தாமாக வேறு கழிவுகளைச் சேர்த்திருந்தால், அவருக்கு அனுப்பிய பட்டியலையும் தாக்கலான ரிட்டர்னையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதைவிட வலுவான சான்று கிடையாது.

5. நோட்டீஸ்

ஒரு பக்கம் போதும். என்ன வேலை ஒப்படைத்தீர்கள், என்ன தவறு, எவ்வளவு நஷ்டம், 15 நாளில் பதில். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். போனில் சண்டை போடாதீர்கள். கோபத்தில் சொன்ன வார்த்தைதான் பிறகு அவருக்கு ஆதாரமாகும்.

6. எங்கே போவது

*நுகர்வோர் ஆணையம்:* கொடுத்த கட்டணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை புகார் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. துறையின் நோட்டீஸ் வந்த நாளா, ரிட்டர்ன் போட்ட நாளா என்ற வாதத்துக்கு இடம் கொடுக்காமல் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். வக்கீல்களின் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணக்காளர்களும் அதைக் காட்டி வாதாடலாம், பதிலோடு போங்கள்.

*சிவில் கோர்ட்:* காலக்கெடு மூன்று ஆண்டு. தொகை பெரிது, ஆவணங்களும் அதிகம் என்றால் இதுதான் ஏற்றது.

*ஐசிஏஐ:* சார்ட்டர்டு அக்கவுன்டன்டாக இருந்தால் மட்டும். படிவம் 1-இல் புகார், கட்டணம் 2,500 ரூபாய். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசியிருந்தால் அதுவே தொழில் ஒழுங்கு மீறல். பெயரையே உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் அங்கே உண்டு. ஆனால் விதிக்கும் அபராதத்தில் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. பணம் வேண்டுமென்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும்.

போலி ரசீது தயாரித்திருந்தால் போலீஸில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். அதற்கு முன் வக்கீலிடம் அந்தத் தேதிவாரித் தாளைக் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். இத்தகைய ஏஜென்ட்கள் ஒரே அலுவலகத்தில், ஒரே தொழிற்சாலையில் பலருக்கும் ரிட்டர்ன் போட்டிருப்பார்கள். பக்கத்து சீட்டுக்காரரின் ரிட்டர்னிலும் அதே பொய் நன்கொடை இருந்தால், "அவர்தான் போடச் சொன்னார்" என்ற ஏஜென்டின் வாதம் அங்கேயே விழுந்துவிடும். ஒரே குறையுள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், உங்களைப் போலவே வெளியே சொல்லாமல் இன்னும் சிலர் இருப்பார்கள்.