காதர்பேட்டையும் பழைய வேட்டியும்

பிள்ளை பிறக்கும் முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் பக்கம் இன்னும் இருக்கிற வழக்கம். வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மகள் போனில் தினமும் ஓர் உடுப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். சகுனத்தில் எனக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் முதல் இரண்டு வாரத்துக்குப் பழந்துணியை மிஞ்ச எதுவும் கிடையாது. பிறந்த ஓரிரு நாள் பிள்ளைக்குத் தார் போலக் கறுப்பாகப் போகும். அந்தக் கறை லேசில் போகாது. ஆசையாக வாங்கியதையா அதற்குக் கொடுப்பது?

இவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் அடித்து வைத்தேன். அடிக்காமல் விட்டால் நூல் பிரிந்து பிள்ளையின் கால்விரலில் சுற்றிக்கொள்ளும். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகும், மற்றது தனி. மழைக்காலப் பிரசவம் என்றால் காயாது. இரு மடங்கு வையுங்கள்.

பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த சேலை, வேட்டியில்தான் கவனம் வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அந்துருண்டையில் உள்ள நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். யாருக்கு அந்தக் குறை இருக்கிறதென்று பார்த்தால் தெரியாது. அதனால் எட்டாம் மாதமே எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துவைத்து, வாடை அறவே போகும்வரை வெயிலில் போட்டேன். வாடை போகாத ஒரு சேலை தரை துடைக்கப் போயிற்று.

மகள் மனசுக்காக ஒருநாள் திருப்பூர் காதர்பேட்டைக்கும் போனோம். ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன் துணிகள் அங்கே குவியலாகக் கிடக்கும். லேபிளில் 50, 56, 62 என்று இருப்பது ஐரோப்பிய அளவு. பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். நம் பிள்ளைகள் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரில் பிறக்கின்றன. "அம்மா, 50 வேண்டாங்க, மாசம் தாங்காது. 56 எடுத்துக் கையை மடிச்சு விடுங்க" என்றான் கடைப்பையன். வியாபாரத்தைக் குறைத்துக்கொள்ளும் பையன்!

மகள் முயல் படம் போட்ட ஒன்றை எடுத்தாள். "தலைவழியா மாட்டறதுடி இது. கழுத்து நிக்கற வரைக்கும் முன்னாடி முடிச்சுப் போடற ஜபலாதான் சுலபம்" என்றேன். முகம் சுருங்கியது, முயலும் கூடவே வந்தது. எதை எடுத்தாலும் உள்பக்கம் திருப்பி, தையலை மணிக்கட்டின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்ப்பேன். உறுத்தினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வாங்கியதைத் துவைக்காமல் போடக் கூடாது. வாசனைத் திரவங்களும் வேண்டாம்.

ஆஸ்பத்திரிப் பையில் துவைத்த இரண்டு பழந்துணி, ஒரு துண்டு, ஒரு தொப்பி ஆகியவற்றைத் தனிக் கவரில் மேலாக வைத்துவிடுங்கள். பிள்ளையைத் துடைத்துச் சுற்ற நர்ஸ் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நேரத்தில் பையின் அடியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மற்றபடி ரப்பர் ஷீட், கொசுவலை, நகவெட்டி போதும். 2015-இல் தமிழக அரசு தன் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் பெட்டகத்தில் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, நகவெட்டி எல்லாம் இருந்தன; பால்புட்டி இல்லை. நானும் வாங்கவில்லை. பவுடரும் தலையணையும்கூட வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று உறவில் கேட்டால் கூச்சப்படாமல் 74 அளவு என்று சொல்லுங்கள்; ஒன்பது மாதத்துக்கு ஆகும். மாதத்தையும் எண்ணிச் சொல்லுங்கள். ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு ஆறு மாத அளவில் ஸ்வெட்டர் வாங்கி வந்தால், அது போடும் அளவுக்கு வளரும்போது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.