ஏரி நடுவே நின்ற எந்திரம்

கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அந்நீர் மலைக்கு அப்பாலிருந்து வருவது என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தடுத்துப் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் கட்டிய அணை 1895-ஆம் ஆண்டில் முடிவுற்றது. தேங்கிய நீர், தேக்கடியில் மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்ப்பில் மின்சாரத்தை விளைவித்து, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு கூடி வைகையை அடைகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டத்தார் அதனை நம்பி வாழ்கின்றனர்.

இங்கு ஒரு விந்தை உண்டு. நீர் வெளியேறும் வாயில் தேக்கடியில் இருக்க, அதனைத் தேக்கிவைக்கும் அணையோ ஏரியின் மறு கோடியில், அடர்ந்த காட்டினுள் இருக்கின்றது. வல்லக்கடவு வழியாகக் காட்டுப்பாதை ஒன்று இருப்பினும், மழைக்காலத்தில் அதனை நம்புதல் அரிது. ஆகவே அணையின் கசிவு நீரை அளப்பதற்கும், சுவரைப் பார்வையிடுவதற்கும், நீருக்குள் மறைந்திருக்கும் பக்கத்தை ஆராய்வதற்கும் செல்வோர்க்குப் படகே பெருந்துணை. படகை ஓட்டுவது டீசல் எந்திரம். அது நடு ஏரியில் நின்றுவிட்டால் யாது செய்வது? இப்பாடம் அதனைப் பற்றியதே.

முதலில் எந்திரத்தின் இயல்பை அறிவோம். பெட்ரோல் எந்திரத்தில் எரிபொருளைக் கொளுத்த மின்பொறி வேண்டும். டீசல் எந்திரத்திற்கு அது வேண்டுவதில்லை. சிலிண்டர் என்னும் உருளைக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டு உணர்ந்திருப்பீர்கள். அவ்வாறே நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறுகிறது. அந்நொடியில் நாசில் என்னும் நுண்துளைக் குழாய் எண்ணெயைப் பனித்திவலை போலப் பீச்சுகிறது. எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. நிமிடத்திற்கு 1500 முறை சுழலும் நான்கு வீச்சு எந்திரத்தில், உருளை ஒன்றுக்கு ஒரு நிமிடத்தில் 750 முறை இவ்வாறு எண்ணெய் பீச்சப்படுகிறது என்றால் அதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்!

இவ்வெந்திரத்தைக் கண்டவர் ருடால்ப் டீசல் என்னும் செருமானியர். 1897-இல் ஆக்சுபர்க்கு நகரில் அவரது எந்திரம் வெற்றியுடன் ஓடிற்று. 1900-இல் பாரிசில் நடைபெற்ற பொருட்காட்சியில் இவ்வகை எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டே ஓட்டிக் காட்டப்பட்டது. நிலக்கடலை விளைவிக்கும் தேனிச் சீமையார் இதனைக் கேட்டால் புன்முறுவல் பூப்பர். 1913-இல் கப்பற் பயணத்தின்போது டீசல் கடலில் மறைந்தார். அவர் பெயரோ கிணற்றடி தோறும் வழங்குகின்றது.

இனி ஏரிக்கு வருவோம். படகு பாதி வழி கடந்த பின் எந்திரம் இரண்டு முறை தடுமாறி ஓய்ந்துவிட்டதெனக் கொள்வோம். உடனே திருகுமுடுக்கியை எடுப்பவன் நல்ல தொழிலாளி அல்லன். பெரியாற்று ஏரியில், நீர் தேங்கியபோது மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நிற்கின்றன; நீர் உயர்ந்த காலத்தில் அவற்றுட் பல கண்ணுக்குத் தெரியாமல் அமிழ்ந்திருக்கும். ஓடாத படகைக் காற்று அவற்றின்மேல் தள்ளிவிடும். ஆதலின் முதலில் நங்கூரத்தை இறக்க வேண்டும். யாவரும் மிதவை அங்கியை அணிந்திருக்கின்றனரா என்று பார்க்க வேண்டும். பழுது பார்த்தல் அதன் பின்னரே.

அடுத்து, எந்திரம் எவ்வாறு நின்றது என்பதை நினைவுகூர வேண்டும். ஓங்கிய ஒலியுடன் சட்டென்று நின்றதாயின் உள்ளுறுப்பு ஏதேனும் இறுகியிருக்கலாம். விசிறியில் கயிறோ கொடியோ சுற்றியிருக்கலாம். விக்கி விக்கி மெல்ல ஓய்ந்ததாயின் எண்ணெய் வந்து சேரவில்லை என்பது பெரும்பாலும் உறுதி. பழுதுகளுள் பெரும்பாலன இப்பிந்திய வகையைச் சேர்ந்தவையே. எண்ணெய் இருக்கின்றதா என்று தொட்டியைத் திறந்து பார்ப்பது நகைப்புக்குரியது போலத் தோன்றும்; ஆயினும் அனுபவம் மிக்கோர் அதனை ஒருபோதும் விடுவதில்லை.

தொட்டியில் எண்ணெய் இருந்தும் எந்திரம் ஓடவில்லையெனில், குழாயில் காற்றுப் புகுந்திருத்தல் கூடும். "ஏர் பிடித்துக்கொண்டது" என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வது இதனையே. எண்ணெயை நெருக்கினால் அது சுருங்காது. அழுத்தம் ஏறி நாசிலைத் திறக்கும். காற்றோ நெருக்க நெருக்கச் சுருங்கிக் கொடுக்கும். ஒரு சிறு குமிழி போதும். பம்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், நாசில் திறவாது. எந்திரத்தில் உடைந்த உறுப்பு ஒன்றுமில்லை. ஆயினும் அது ஓடாது.

இதனை நீக்கும் முறை எளியது. ஆனால் வரிசை தவறலாகாது. தொட்டிக்கு அருகில் உள்ளதிலிருந்து தொடங்கி நாசிலை நோக்கிச் செல்ல வேண்டும். முதலில் வடிகட்டியின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டு, ஊட்டு பம்பின் கைப்பிடியை மெல்ல மெல்ல அழுத்துக. முதலில் நுரை வரும். பின் குமிழியும் எண்ணெயுமாய்க் கலந்து வரும். இறுதியில் தெளிந்த எண்ணெய் இடையறாது வழியும். கைப்பிடியை அழுத்திக்கொண்டே திருகை இறுக்குக. அடுத்துப் பீச்சு பம்பின் திருகை அவ்வாறே செய்க. அதன் பின்னும் ஓடாவிடின், நாசிலுக்குச் செல்லும் குழாய்களின் மூட்டுகளைச் சற்றே தளர்த்தி எந்திரத்தைச் சுழற்றி, எண்ணெய் கசியக் கண்டதும் இறுக்குக. நாசிலின் எதிரே கையை நீட்டுதல் பெருந்தீங்கு. வளிமண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வரும் அத்தாரை தோலைத் துளைத்து உட்புகும். துளை ஊசி முனையளவே தோன்றினும் மருத்துவரிடம் விரைதல் வேண்டும்.

வழிந்த எண்ணெயைத் தகரக் குவளையில் ஏந்திக்கொள்ள வேண்டும். அது ஏரியில் விழலாகாது. கீழே பள்ளத்தாக்கிலுள்ளார் குடிப்பது இந்நீரைத்தானே!

காற்று எங்கிருந்து புகுந்தது? இக்கேள்விக்கு விடை காணாதவனுக்குப் படகு சற்று நேரத்தில் மீண்டும் நிற்கும். தளர்ந்த மூட்டு, வெடித்த இரப்பர்க் குழாய், அழுக்கடைந்த வடிகட்டி ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கும். வடிகட்டியின் அடியில் நீர் தங்கியிருப்பின் அதனையும் வடித்துவிட வேண்டும். மலைக்குளிரில், பாதி நிரம்பிய தொட்டியினுள் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் நீராய்ப் படிகிறது. பீச்சு பம்பின் உறுப்புகள் தலைமயிரின் பருமனிலும் மிகக் குறுகிய இடைவெளியில் ஓடுவன. அவற்றுக்கு நீரும் தூசியும் நஞ்சு.

எந்திரம் ஓடியும் சூடு ஏறுகிறதெனில், குளிர்விக்கும் நீரைக் கவனிக்க வேண்டும். ஏரி நீரை உறிஞ்சும் துளையின் வலைச் சல்லடையில் காட்டு மரங்களின் சருகு அடைத்துக்கொள்வது வழக்கம். எந்திரத்தை நிறுத்தி, அடைப்பானை மூடி, சருகை அகற்றினாற் போதும். சூடு தணியுமுன் நீர்க்கலத்தின் மூடியைத் திறந்தவர் பலர் முகம் வெந்திருக்கின்றனர். புகையும் ஓரளவு செய்தி கூறும்: கரும்புகை காற்றுக் குறைவையோ மிகு சுமையையோ காட்டும்; நீலப்புகை உயவெண்ணெய் எரிவதைக் காட்டும்.

நீர்மூழ்குவோர் உடன் வந்திருப்பின் பொறுப்பு இன்னும் மிகுதி. அவர்கள் நீருக்குள் இருக்கும்வரை விசிறி சுழலலாகாது. விசிறியில் சுற்றிய கொடியை அறுக்க ஒருவர் இறங்கினாலும் எந்திரச் சாவி மற்றொருவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். மூச்சுக் காற்றை மேலிருந்து குழாய் வழியே அனுப்பும் காற்றழுத்தி, எந்திரப் புகை வராத, காற்று வீசும் திசையில் இருத்தல் வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அடியில் உள்ளவர் அதனை அறியுமுன் மயங்கிவிடுவார். எந்திரத்தைக் கவனிப்பவன் ஓர் உயிரைக் கவனிக்கிறான்.

காற்று வெளியேறிற்று, மூட்டு இறுகிற்று, எந்திரம் மீண்டும் சீராக ஒலிக்கிறது. நங்கூரத்தைத் தூக்கி, கட்டைகளை விலகி, படகு அணையை நோக்கிச் செல்கிறது. அளவெடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு மாலையில் தேக்கடிக்குத் திரும்பியதும் ஓட்டுநர் இரண்டு வேலைகளைச் செய்கிறார். எந்திரம் நின்ற நேரத்தையும் வெடித்திருந்த குழாயையும் குறிப்பேட்டில் எழுதுகிறார். பின்னர் இரவுக் குளிர் இறங்குமுன் எண்ணெய்த் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பி மூடுகிறார்.