தங்கவயலில் ஒரு பகல்: இறங்கி, சுற்றி, நேரத்தோடு திரும்ப 15 குறிப்புகள்

மத்தியதரைக் கடலில் சுற்றும் உல்லாசக் கப்பல்கள் காலையில் ஒரு துறைமுகத்தில் ஆட்களை இறக்கிவிடும். ஏழெட்டு மணி நேரத்தில் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வராதவருக்காகக் கப்பல் நிற்காது. எங்கள் கோலார் தங்கவயலில் கடலும் இல்லை, கப்பலும் இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்தும் வேலூர், ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்தும் ஒரு பகலுக்கு வந்து போகிறவர்களுக்கு நிலைமை அதேதான். ‘கே.ஜி.எஃப்’, ‘தங்கலான்’ படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கு போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலேயே பாதி நாளைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. திரும்பும் வண்டியை முதலில் முடிவு செய்யுங்கள். எதைப் பார்ப்பது என்பது அதற்குப் பிறகு. மாலை எந்த ரயில், அது போனால் அடுத்தது எது, அதுவும் போனால் எந்த பஸ் என்று மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரங்கள் மாறும். கிளம்புவதற்கு முதல் நாள் 139 எண்ணில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வண்டி அன்றைக்கு ஓடுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

2. கோலார் வேறு, தங்கவயல் வேறு. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். வேலூரிலிருந்து வந்த எங்கள் உறவுக்காரர்கள் கோலார் ஸ்டேஷனில் இறங்கிவிட்டு, “சுரங்கம் எந்தப் பக்கம்?” என்று போன் செய்தார்கள். கோலார் மாவட்டத் தலைநகர். இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். தங்கவயலுக்கு வர, சென்னை–பெங்களூர் பாதையில் உள்ள பங்காரப்பேட்டையில் மாரிக்குப்பம் கிளைப் பாதைக்கு மாற வேண்டும். பெங்களூரிலிருந்து நேரே மாரிக்குப்பம் வரும் வண்டிகளும் உண்டு. ‘கே.ஜி.எஃப்’ என்ற பெயரில் ஸ்டேஷன் கிடையாது. உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று தனித்தனிப் பெயர்கள்தான். தங்கவயலுக்குள் போக வேண்டிய பகுதி ராபர்ட்சன்பேட்டையா, ஆண்டர்சன்பேட்டையா என்று சொல்லி, எங்கே இறங்குவது என்று பெட்டியில் இருப்பவர்களிடமே கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

3. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் வாருங்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பிறகு, எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் விடியலுக்கு முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இரவுதான் திரும்புகிறார்கள். அதனால் காலையில் இங்கிருந்து பெங்களூர் போகும் வண்டியிலும், மாலையில் அங்கிருந்து இங்கே வரும் வண்டியிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. நீங்கள் காலையில் வந்து மாலையில் போகிறவர் என்பதால் உட்கார்ந்தே போகலாம். இரவு தங்கி, மறுநாள் காலையில் கிளம்பலாம் என்று நினைத்தால் முதல் வண்டியை விட்டுவிட்டு, கூட்டம் வடிந்த பிறகு ஏறுங்கள்.

4. பயணச்சீட்டும் அடையாள அட்டையும். முன்பதிவில்லாச் சீட்டைக் கைபேசியில் எடுப்பதானால் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முயன்றால் செயலி மறுத்துவிடும். பஸ்ஸில் வரும் பெண்களுக்கு ஒரு சங்கதி: கர்நாடக முகவரி உள்ள அட்டை இருந்தால், 2023 ஜூனில் தொடங்கிய ‘சக்தி’ திட்டத்தில் மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை. பெங்களூர்த் தமிழ்ப் பெண்கள் ஆதாரை மறக்காமல் எடுத்து வரலாம்.

5. ஒரு பகலுக்கு ஒரு திசை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் வண்டிக்குள்ளேயே பொழுது போய்விடும். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது, தங்கவயல் ஊரும் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயிலும். இரண்டாவது, பங்காரு திருப்பதியும் அதைத் தாண்டி முல்பாகல் வட்டத்தில் உள்ள ஆவணி, குருடுமலைக் கோயில்களும். மூன்றாவது, கோலார் நகரத்தில் கோலாரம்மன் கோயில், சோமேஸ்வரர் கோயில், அந்தரகங்கைச் சுனை. கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுத்தில் ஆர்வம் உள்ளவர்கள் மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம். முதல்முறை வருகிறவர்களுக்கு முதலாவதே போதும்.

6. ஆட்டோவை இடத்துக்குப் பேசாதீர்கள், நேரத்துக்குப் பேசுங்கள். “கோடிலிங்கம் போய்வர எவ்வளவு?” என்று கேட்டால் அங்கே காத்திருப்பதற்குத் தனியாகக் கேட்பார்கள். “இத்தனை மணிக்கு ஏறுகிறோம், இந்த இடங்கள், இத்தனை மணிக்கு ஸ்டேஷனில் விட வேண்டும்” என்று மொத்தமாகப் பேசுங்கள். “அண்ணா” என்று தமிழில் தொடங்கினாலே பேரம் பாதி முடிந்த மாதிரி. மாலை ரயில் நேரத்தை ஓட்டுநரிடமும் சொல்லி வையுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார்.

7. சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டே கிளம்புங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். மூடிய பிறகு உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. யாராவது “உள்ளே காட்டுகிறேன்” என்று காசு கேட்டால் நம்ப வேண்டாம். கைவிடப்பட்ட குழிகளின் ஓரத்துக்குப் படம் எடுக்கப் போகாதீர்கள். விளிம்பு மண் எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்களைக் கூண்டில் இறக்கிய இரும்புக் கோபுரங்களை ரோட்டிலிருந்தே பார்க்கலாம்.

8. சயனைடு மேட்டில் கவனம். ஊரைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாக நிற்கும் மொட்டை மேடுகள் இயற்கையானவை அல்ல. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை. நூற்றிருபது வருடச் சக்கை. சினிமாவில் பார்த்த இடம் என்று குழந்தைகளை ஏறி விளையாட விடாதீர்கள். காற்று அடிக்கும் நாளில் மண் தூள் கண்ணையும் மூச்சையும் அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மற்றவர்கள் முகக்கவசம் போட்டு, தூரத்திலிருந்து பார்த்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள். காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

9. எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பாருங்கள். தெரியாமல் வந்தால் இது துருப்பிடித்த ஊர், அவ்வளவுதான். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி இங்கே கால் வைத்தது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கு அது கிடைத்தது 1905இல்தான். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில்தான் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து பிடித்தார்கள். அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. 800 டன்னுக்கு மேல் தங்கம் இந்த மண்ணிலிருந்து போனது. அதைத் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள். இவ்வளவையும் ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், இறங்கிய பிறகு அவர்களே உங்களுக்கு ஊரைக் காட்டுவார்கள்.

10. லைன் வீடுகள் காட்சிப்பொருள் அல்ல. சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளை ‘லைன்’ என்போம். இன்றும் அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். “எந்த ஷிப்டில் வேலை பார்த்தீங்க தாத்தா?” என்று திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எந்த வழிகாட்டியும் சொல்லாததை அவர் சொல்வார். அதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி வையுங்கள், நடுவில் எழுந்து வர மனம் வராது.

11. கோடிலிங்கத்துக்குக் காலுறை. கம்மசந்திராவில் 108 அடி லிங்கமும் 35 அடி நந்தியும் இருக்கின்றன. சுற்றிலும் வயல் நாற்று மாதிரி சின்னதும் பெரியதுமாக லிங்கங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். பதினோரு மணிக்கு மேல் தரை கொதிக்கும். பழைய பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் இருந்தால் கால் தப்பும். கூட்டத்தில் பிரிந்தால் சந்திக்கும் இடமாக நந்தியைச் சொல்லி வையுங்கள். “லிங்கத்துக்குப் பக்கத்தில் நில்” என்று சொன்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

12. பங்காரு திருப்பதியில் அவசரம் வேண்டாம். குட்டஹள்ளி மலைமேல் உள்ள வேங்கடேசுவரரை ஆறு துளைகள் உள்ள சாளரம் வழியாகத்தான் சேவிக்க வேண்டும். ஒவ்வொருவராகக் குனிந்து பார்ப்பதால் வரிசை மெதுவாகத்தான் நகரும். சனிக்கிழமை போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். தாயார் சந்நிதிக்கு இன்னொரு குன்று ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நடுப்பகலில் நடை சாத்தும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

13. சாப்பாட்டில் கணக்கு. காலைச் சிற்றுண்டியை வீட்டிலிருந்து கட்டி எடுத்து வாருங்கள். புளிசாதமும் சப்பாத்தியும் பயணத்துக்குக் கெடாது, தயிர்சாதம் மதியம் புளித்துவிடும். மதியச் சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டையில் எம்.ஜி. மார்க்கெட் சுற்றுவட்டாரம் வசதி. திரும்பும்போது பங்காரப்பேட்டையில் வண்டி மாற நேரம் இருந்தால் அந்த ஊர்ப் பானிபூரியைச் சாப்பிடுங்கள். தண்ணீர் பச்சையாக இருக்காது, வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். வாயில் வைத்த பிறகுதான் காரம் தெரியும். முல்பாகல் பக்கம் போகிறவர்கள் அந்த ஊர்த் தோசையை விட்டுவிடாதீர்கள்.

14. தங்கம் வாங்காதீர்கள், மாம்பழம் வாங்குங்கள். “சுரங்கத்துக் கல், உள்ளே தங்கம் இருக்கிறது” என்று யாராவது பொட்டலத்தைப் பிரித்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். மேட்டிலிருந்து நீங்களாகக் கல்லோ மண்ணோ அள்ளி வரவும் வேண்டாம். மே, ஜூனில் வந்தால் எங்கள் மாவட்டத்து சீனிவாசபுர மாம்பழம் வாங்கலாம். காயாக வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பையில் மேலாக வைத்தால் நசுங்காமல் வீடு சேரும். டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்கள் ஒரு சால்வை எடுத்து வாருங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம், காலைக் குளிர் காதைப் பிடிக்கும்.

15. உண்மையிலேயே கப்பலில் போகிறவர்களுக்கு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை மத்தியதரைக் கடலுக்குக் கூட்டிப்போவது எங்கள் ஊரிலும் தொடங்கிவிட்டது. மேலே சொன்ன முறையே அங்கும் உதவும். ‘ரோம்’ என்று கப்பல்காரர்கள் சொன்னாலும் நீங்கள் இறங்குவது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். கோலாருக்கும் தங்கவயலுக்கும் உள்ள அதே குழப்பம். இத்தாலிக்கும் கிரீஸுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாமலும் இருக்கலாம். அதனால் கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வையுங்கள். கப்பல் கம்பெனியே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியாக டாக்சி பேசிப் போனால் காத்திருக்காது. வழியில் துருக்கி இருந்தால் ஷெங்கன் விசா பலமுறை நுழைவதற்கு உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசாவோடு துருக்கியில் இறங்கினால் மறுபடி கிரீஸுக்குள் நுழைய முடியாது.

கடைசியாக ஒன்று. எந்தத் திசையில் சுற்றினாலும், வண்டிக்கு அரை மணி நேரம் முன்பே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். மிச்சமிருக்கும் அந்த அரை மணியில் வெளியே உள்ள கடையில் ஒரு டீ குடியுங்கள். தங்கம் போன பிறகு இந்த ஊர் தன் உழைப்பில்தான் நிற்கிறது. வந்து போகிறவர்கள் செலவழிக்கும் பத்து ரூபாயும் எங்களுக்குக் கணக்கில் வரும்.