கட்டடம் முதலில் எழுவது காகிதத்தில்

மாணவர்களே, ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார், லெபோ பினாங்கு பக்கம் போனால் அஞ்சடியில் நடந்திருப்பீர்கள். பூமாலைக் கடை, துணிக்கடை, உணவுக்கடை என்று வரிசையாக நிற்கும் அந்தப் பழைய கடைவீடுகள் வெளியிலிருந்து குறுகலாகத் தெரியும். உள்ளே போனால் ரயில் பெட்டியைப் போல நீண்டுகொண்டே போகும். நடுவில் ஒரு திறந்த முற்றம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியாகத்தான் வரும்.

அப்படி ஒரு கடைவீட்டைத் தாத்தா காலத்திலிருந்து வைத்திருக்கும் குடும்பம் ஒன்று, அதைப் பழுதுபார்க்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஏறும் மரப்படிகள் உளுத்துவிட்டன. புதிய படிக்கட்டு வேண்டும். கடை குறுகலாக இருப்பதால் பக்கத்துச் சுவரில் கொஞ்சம் குடைந்து அலமாரியும் அமைக்க வேண்டும். “இதற்கு எதற்குப் பிளான்? நல்ல கொத்தனார் ஒருவர் போதாதா?” என்கிறார் வீட்டுப் பெரியவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுவோம்.

படிக்கட்டு எங்கே போய் முட்டும்?

நம் நாட்டில் கட்டடங்களுக்கான பொதுவான விதிகள் ‘ஒரே சீரான கட்டடத் துணைச்சட்டம் 1984’ என்பதில் உள்ளன. ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று அது சொல்கிறது. முதியவரும் சிறுவரும் தடுக்கி விழாமல் ஏறி இறங்குவதற்கான அளவு இது.

இப்போது கணக்குப் போடுவோம். கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது 3000 மில்லிமீட்டர். இதை 180 ஆல் வகுத்தால் 16.67 வருகிறது. முக்கால் படி கட்ட முடியாது. ஆகவே 17 ஏற்றங்கள் வேண்டும். 3000-ஐ 17 ஆல் வகுத்தால் ஒவ்வோர் ஏற்றமும் ஏறத்தாழ 176 மில்லிமீட்டர். விதிக்குள் அடங்கிவிட்டது.

கடைசி ஏற்றம் மாடித் தளத்திலேயே போய்ச் சேர்வதால் கால் வைக்கும் பலகைகள் 16 தான். 16-ஐ 255 ஆல் பெருக்கினால் 4080 மில்லிமீட்டர். அப்படியென்றால் நேராகப் போகும் படிக்கட்டுக்குக் குறைந்தது 4.08 மீட்டர் நீளம் தேவை.

அந்த வீட்டில் முற்றத்துக்கு முன்னால் இருப்பதோ 3.5 மீட்டர் இடம்தான். நேர்ப்படிக்கட்டு அங்கே அடங்காது. நடுவில் ஒரு திருப்பம் வைத்து, படியை மடக்கித்தான் கட்ட வேண்டும்.

இந்தச் சிக்கல் காகிதத்தில் தெரிந்தால் அழிப்பானை எடுத்து அழித்துவிட்டு வேறு கோடு போடலாம். பாதிப் படி கட்டிய பிறகு தெரிந்தால்? சம்மட்டியை எடுக்க வேண்டும். மரம், கூலி, நாள்கள் எல்லாம் வீண். படிகளைச் செங்குத்தாக்கி எப்படியாவது அடக்கிவிடலாம் என்று ஒருவர் நினைத்தால், அதன் விலையைப் பாட்டியின் முழங்கால் கொடுக்கும்.

வரைபடம் எதற்கு என்பதற்கு முதல் விடை இதுதான்: தவற்றை மிகக் குறைந்த செலவில் செய்து பார்க்கும் இடம் அது.

ஒரே வீடு, பல படங்கள்

கட்டடக் கலைஞர் ஒரே ஒரு படத்தோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு படமும் ஒரு தனிக் கேள்விக்கு விடை சொல்கிறது.

அமைவிடப் படம்: வீடு எந்தத் தெருவில், எந்த எல்லைக்குள் நிற்கிறது?

தளப்படம்: கூரையைத் தூக்கிவிட்டு மேலிருந்து பார்த்தால் அறைகள், சுவர்கள், கதவுகள் எங்கே இருக்கின்றன?

முகப்புப் படம்: வெளியே நின்று பார்ப்பவருக்கு வீடு எப்படித் தெரியும்?

வெட்டுமுகப் படம்: கேக்கை வெட்டுவதுபோல வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே என்ன தெரியும்?

விவரப் படம்: ஜன்னல் சட்டம் சுவரோடு எப்படிச் சேர்கிறது? மழைநீர் எந்தப் பக்கம் வழியும்?

முழு வீட்டையும் தாளில் அடக்க அளவுவிகிதம் உதவுகிறது. 1:100 என்றால் தாளில் 1 சென்டிமீட்டர், நிலத்தில் 1 மீட்டர். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறை, தாளில் 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டராக இருக்கும். அதையே 1:50 அளவில் வரைந்தால் 8-க்கு 6 ஆகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. 1:100 படத்தில் பென்சில் 1 மில்லிமீட்டர் விலகினால் நிலத்தில் அது 10 சென்டிமீட்டர். கதவு நிலை பொருந்தாமல் போக அதுவே போதும். அதனால்தான் படத்தின் மேல் அடிக்கோலை வைத்து அளக்கக்கூடாது, எழுதியுள்ள எண்ணைத்தான் படிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம்.

சுவர் யாருடையது?

இப்போது அலமாரிக்கு வருவோம். கடைவீட்டை வெட்டுமுகப் படமாக வரைந்தால், வெளியில் தெரியாத ஒன்று தெரியவரும். மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப் பக்கச் சுவர்வரை நீண்டு கிடக்கின்றன. கடைவீடுகள் குறுகலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மரம் எவ்வளவு நீளம் கிடைக்குமோ அவ்வளவுதான் வீட்டின் அகலம்.

அந்தச் சுவரின் மறுபக்கத்தில் அண்டை வீட்டாரின் உத்திரங்களும் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு வீட்டின் பாரத்தையும் ஒரே சுவர் சுமக்கிறது. அலமாரிக்காக அதை ஆழமாகக் குடைந்தால் ஆபத்து நம் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருப்பவர் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் உயிர் நம் வரைபடத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் கட்டடக் கலைஞர் தனியாக முடிவெடுப்பதில்லை. அறைகள் எப்படி அமைய வேண்டும், வெளிச்சமும் காற்றும் எப்படி வர வேண்டும், மனிதர் எப்படி நடமாட வேண்டும் என்பதை அவர் வரைகிறார். தூணும் உத்திரமும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிடுகிறார். குத்தகையாளர் கட்டுகிறார். மாநகர் மன்றம் படங்களைச் சரிபார்த்து அனுமதி தருகிறது. இவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கூடுவது அரிது. அவர்களுக்கு நடுவே பேசுவது அந்த வரைபடம்தான்.

ஒரு கம்பி இரண்டானபோது

வரைபடத்தில் செய்த ஒரு சிறு மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்ட, உலகெங்கும் பொறியியல் மாணவர்களுக்குச் சொல்லப்படும் சம்பவம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் நடந்தது.

அங்கே முகப்புக் கூடத்துக்கு மேலே நடைபாலங்கள் தொங்கின. இரண்டாம் மாடிப் பாலம் நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இருந்தது. முதலில் வரைந்த படத்தின்படி, கூரையிலிருந்து இறங்கும் நீளமான கம்பிகள் இரண்டு பாலங்களையும் தாங்க வேண்டும். ஆனால் அவ்வளவு நீளக் கம்பியில் மரை வெட்டி, நட்டைச் சுற்றி ஏற்றுவது சிரமம். ஆகவே ஒரு கம்பியை இரண்டாக்கினார்கள். மேல்கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலத்துக்கு வந்தது. கீழ்க்கம்பி அந்தப் பாலத்திலிருந்து இரண்டாம் மாடிப் பாலத்துக்கு இறங்கியது.

பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரே கயிற்றை இருவர் பிடித்துத் தொங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டும் தாங்குகிறது. இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு, மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிற்றின் பாரம் மாறவில்லை. மேலே இருப்பவரின் கைக்கோ இரண்டு மடங்கு பாரம்!

நான்காம் மாடிப் பாலத்தைத் தாங்கிய இணைப்புக்கு நேர்ந்ததும் அதுதான். முதல் வடிவமைப்பே விதி கேட்ட வலுவோடு இல்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. மாற்றம் அதை மேலும் பலவீனமாக்கியது. மாற்றிய படத்துக்கு யாரும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 1981 ஜூலை 17 அன்று, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது இரண்டு பாலங்களும் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

கோட்டை மாற்றுவது குற்றமில்லை. மாற்றிய பிறகு மறுபடி கணக்கிடாமல் விட்டதுதான் அங்கே நடந்த பிழை.

பழையதைக் காப்பதற்கும் படம்

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே பழைய கட்டடத்தைத் தொடுவதற்கு முன், இருப்பதை இருக்கிறபடியே அளந்து வரைய வேண்டும். சாய்ந்த சுவரைச் சாய்ந்தபடியும், விரிசலை விரிசலாகவும் வரைவார்கள். நோயாளியை வைத்தியர் சோதிப்பது போன்றது இது.

சுவரில் பூசியிருப்பது என்ன என்றும் குறிப்பார்கள். அக்காலச் செங்கல் சுவர்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, நாளடைவில் செங்கல்லை உதிர்த்துவிடும். நீல மாளிகை என்று நாம் அழைக்கும் சியோங் பாட் ட்சே மாளிகையை 1990-களில் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவருடைய குழுவினரும் மீட்டெடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்தப் பணிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

கையெழுத்தின் எடை

மலேசியாவில் கட்டடக் கலைஞர்களை, 1967-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் இயங்கும் லெம்பாகா அர்க்கிடெக் மலேசியா பதிவு செய்கிறது. 2007 முதல், கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறலாம் என்று சொல்லும் சி.சி.சி. சான்றிதழை, அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பேற்று வரைபடங்களைச் சமர்ப்பித்த தொழில் வல்லுநரே வழங்குகிறார். வரைந்தபடிதான் கட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் அவர் கையெழுத்திட முடியாது.

பெரியவரின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நல்ல கொத்தனார் கட்டாயம் வேண்டும். ஆனால் 4.08 மீட்டர் கணக்கையும், சுவருக்கு அப்பால் இருக்கும் உத்திரத்தையும் முன்கூட்டியே காட்டுவது வரைபடம். அதற்குப் பொறுப்பேற்று ஒருவர் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வகுப்பறையை அளந்து, 1:50 அளவில் தளப்படம் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் காட்டுங்கள்.

2. வகுப்பறையின் ஜன்னல்களின் மொத்தப் பரப்பு, தரைப்பரப்பில் 20 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்கிறது 1984-ஆம் ஆண்டுத் துணைச்சட்டம். உங்கள் வகுப்பறை தேறுகிறதா?

3. பள்ளிப் படிக்கட்டில் ஒரு படியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்து, மேலே சொன்ன விதியோடு ஒப்பிடுங்கள்.

4. உங்கள் படத்தை நண்பரிடம் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், படத்தை மட்டும் பார்த்து அவர் உங்கள் மேசையைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் வரைபடம் நன்றாகப் பேசுகிறது என்று பொருள்.