அழறதுக்குக் காது வேண்டாம், மழலைக்கு வேணும்!

அறுவடை முடிஞ்ச சமயத்துல அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி பக்கம் சாயங்காலம் போயிருக்கீங்களா? கரிசல் காட்டுல கிடை போட்டிருப்பாங்க. மேய்ச்சல் முடிஞ்சு தாய் ஆடுகள் திரும்பினதும், கூடாப்புக்குள்ள இருக்கிற குட்டிகள் மொத்தமா கத்தும். நமக்கு எல்லாமே ஒரே 'ம்மே'தான். ஆனா தாய் தூரத்துல குரலை வெச்சும், கிட்ட வந்து மோந்து பார்த்தும் தன் குட்டியைக் கண்டுபிடிச்சிடும்.

எப்படி? நுரையீரல் காற்றைத் தள்ளுகிறது. அதில் குரல்நாண்கள் அதிர்கின்றன. தொண்டையும் வாயும் ஃபில்டர் மாதிரி சில அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் காட்டுகின்றன. இந்த அமைப்பு குட்டிக்குக் குட்டி கொஞ்சம் மாறுவதால் குரலும் மாறுது.

கைக்குழந்தைக்கும் இதே அமைப்புதான். ஆணின் பேச்சுக்குரல் சுமார் 120 ஹெர்ட்ஸ், பெண்ணுக்கு சுமார் 200. பச்சைக் குழந்தையின் அழுகை 400 முதல் 500 வரை போகும். நாண் சின்னது, அதனால் அதிர்வு வேகம்.

2014-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், மனிதக் குழந்தையின் அழுகையைத் தங்கள் குட்டியின் சுருதிக்கு மாற்றி ஒலிக்கவிட்டபோது, தாய் மான்கள் ஸ்பீக்கரை நோக்கி ஓடி வந்தன!

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அழுகை பிறவியிலேயே வருவது. அதனால் காது கேட்காத குழந்தையும் நல்லா சத்தமா அழும், 'ஆ... ஊ...' என்றும் சொல்லும். வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா 6 முதல் 10 மாதத்துக்குள்ள வர வேண்டிய 'பாபாபா', 'மாமாமா' மழலை, கேட்டுக் கேட்டுப் பழகினால்தான் ஒழுங்கா வரும். கேட்காத குழந்தைக்கு அது தள்ளிப் போகும். "எங்க வீட்டுலயும் லேட்டாதான் பேசினாங்க"ன்னு விட்டுடாதீங்க.

பிறந்து 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். இதுதான் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. பரிசோதனை ரொம்ப எளிது: காதுக்குள்ள சின்ன ஒலி அனுப்பினால், நல்லா இருக்கிற உட்காது மெல்லிய பதில் ஒலி கொடுக்கும், ஒரு மைக் அதைப் பிடிக்கும். குழந்தை தூங்கும்போதே சில நிமிஷத்துல முடிஞ்சிடும், வலியே இல்லை. தேவைப்பட்டால், தகுதியுள்ள குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சையும் உண்டு.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப, அக்கா குழந்தையைக் கொஞ்சும்போது ஒரு கேள்வி கேளுங்க: "காது டெஸ்ட் எடுத்தாச்சா?"