வளரும் பிள்ளைக்கு அளவான சைக்கிள்



பிள்ளைகள் 5ஆம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்துவிடுகிறார்கள். அதற்கு மேல் படிக்க, பல கிராமங்களில் பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. "தூரமா இருக்கு, போதும்மா படிச்சது" என்று பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவதும் இந்த இடத்தில்தான்.

ஆகவே சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. படிப்பைத் தொடரச் செய்யும் சாதனம். ஆனால் அளவு பார்க்காமல் வாங்கிய சைக்கிள், கை காலை ஒடித்துப் பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடும். குறைந்த செலவில் பொருத்தமான சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படியுங்கள்.

ஒரு வீட்டுப் பேச்சு

மனைவி: ஏங்க, பெரியவ அடுத்த மாசம் ஆறாங்கிளாஸ் போறா. ஒரு சைக்கிள் வாங்கணும்ங்க.

கணவன்: வாங்குறதே வாங்குறோம், பெருசா வாங்கிப் போட்டுட்டா பன்னெண்டாவது வரைக்கும் ஓட்டிடுவா. இன்னைக்குக் கால் எட்டலேன்னா, நாளைக்கு வளந்து எட்டிடும்.

மனைவி: பாவாடை சட்டைக்கு ரெண்டு இஞ்சு விட்டுத் தைக்கிற மாதிரியா?

கணவன்: அதேதான்.

நர்சம்மா: சட்டை பெருசா இருந்தா மடிச்சுத் தைக்கலாம். சைக்கிளை மடிச்சுத் தைக்க முடியுமா? கால் எட்டாத பிள்ளை அவசரத்துக்கு எப்படி நிறுத்தும்?

கணவன்: நானெல்லாம் எங்கப்பா சைக்கிள்ல குரங்கு பெடல் போட்டுத்தானே கத்துக்கிட்டேன், நர்சம்மா!

நர்சம்மா: சரிதான். அந்த முட்டித் தழும்பும் அப்ப வந்ததுதானே? அன்னைக்கு ரோட்டுல மாட்டு வண்டி போச்சு. இன்னைக்கு லாரி போகுது. நாளைக்கு வளரப் போற காலுக்கு வாங்காதீங்க. இன்னைக்கு இருக்குற காலுக்கு வாங்குங்க.

மனைவி: அப்ப வருஷா வருஷம் புதுசா வாங்கணுமா?

நர்சம்மா: வேண்டாம். அளவும் சரியா இருக்கணும், ரெண்டு மூணு வருஷமும் ஓடணும். அதுக்கு வழி இருக்கு.

1. பிள்ளை எவ்வளவு வளரும்?

5 வயது முதல் பருவம் வரும் வரை ஒரு பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் வளரும். அதாவது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். பருவம் நெருங்கும்போது வளர்த்தி வேகம் பிடிக்கும். அப்போது ஆண்டுக்கு 8 சென்டிமீட்டரும் அதற்கு மேலும்கூட வளரும். பெண் பிள்ளைக்கு இந்த வேகம் ஆண் பிள்ளையைவிடச் சுமார் இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். முதலில் காலும் கையும் நீளும்; பிறகுதான் உடம்பு நீளும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையை வாசற்கால் ஓரம் நிறுத்தி, உச்சந்தலை மட்டத்தில் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சைக்கிள் சீட்டை எப்போது உயர்த்த வேண்டும் என்று அந்தக் கோடே சொல்லும். இன்னொரு நன்மையும் உண்டு. 5 வயதுக்கு மேற்பட்ட, இன்னும் பருவம் வராத பிள்ளை ஓர் ஆண்டில் 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

2. அளவு எடுப்பது எப்படி?

சைக்கிளின் அளவைச் சக்கரத்தின் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். சுமாராக,

5 முதல் 7 வயதுக்கு: 16 அங்குலம்
7 முதல் 10 வயதுக்கு: 20 அங்குலம்
10 முதல் 13 வயதுக்கு: 24 அங்குலம்
அதற்கு மேல்: 26 அங்குலம்

இது ஒரு வழிகாட்டிதான். ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே உயரம் இருப்பதில்லை. ஆகவே வயதைச் சொல்லி வாங்காதீர்கள். காலை அளந்து வாங்குங்கள்.

பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை, அதன் முதுகு மேல்பக்கம் இருக்குமாறு வைத்துக் கவட்டை வரை உயர்த்துங்கள். தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை தையல்காரர் டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் உள்கால் அளவு. கடைக்குப் போகும்போது பிள்ளையையும் டேப்பையும் கூட்டிக்கொண்டு போங்கள். "வீட்டுக்குத் தெரியாம வாங்கிட்டு வந்து அசத்தணும்" என்ற ஆசை வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை:

(அ) பார் வைத்த சைக்கிள் என்றால், பாரின் உயரம் உள்கால் அளவைவிட ஓர் அங்குலமாவது, முடிந்தால் இரண்டு அங்குலம், குறைவாக இருக்க வேண்டும். பிள்ளை சட்டென்று இறங்கி நின்றால் பார் இடிக்கக் கூடாது.

(ஆ) புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும். ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு காலின் முன்பாதமும் பட்டால் போதும். பெடல் கீழே போகும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட் உயரம் அதிகம்.

(இ) பிரேக் பிடியைப் பிள்ளையின் விரல் எட்ட வேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் உடனே நின்றால் சரி. அப்பா பிடித்துப் பார்த்தால் போதாது. ஓட்டப் போவது பிள்ளை.

(ஈ) வாங்கும் அன்றைக்கு சீட் அதன் தாழ்ந்த நிலையில் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். அதற்கு மேல் உயர்த்த இடம் இருக்க வேண்டும். சீட்டும் ஹேண்டில் பாரும் உயர்த்தும்படி இருந்தால் இரண்டு மூன்று ஆண்டு கவலையில்லை. சீட் குழாயில் ஓர் எல்லைக்கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி உயர்த்தினால் குழாய் ஒடிந்துபோகலாம். கோடு தெரிய ஆரம்பித்தால், சைக்கிள் சிறிதாகிவிட்டது என்று பொருள்.

3. காசு எங்கே மிச்சம்?

கியர், தடித்த டயர், பளபளக்கும் ஸ்டிக்கர், முன்னும் பின்னும் ஸ்பிரிங் – இவையெல்லாம் விலையை ஏற்றும், எடையையும் ஏற்றும். பள்ளிக்கூடம் போக இவை தேவையில்லை. இரண்டு நல்ல பிரேக், செயின் கவர், மட்கார்டு, பெல், கேரியர், ஸ்டாண்டு இருந்தால் போதும். பிள்ளை தானே நிமிர்த்தி நிறுத்த முடியாத கனத்த சைக்கிள் வேண்டாம்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிப்பவர்களுக்கு 11ஆம் வகுப்பில் அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. ஆகவே நீங்கள் வாங்கும் சைக்கிள் "பன்னெண்டாவது வரைக்கும்" உழைக்க வேண்டியதில்லை. கடன் வாங்கிப் பெரிய சைக்கிள் எடுப்பதைவிட, பழைய சைக்கிள் நல்லதாகப் பார்த்து எடுப்பது மேல். பிள்ளைகள் சைக்கிளைத் தேய்த்து முடிப்பதற்குள் வளர்ந்துவிடுகிறார்கள். அதனால் நல்ல நிலையில் உள்ள சிறுவர் சைக்கிள் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே கிடைக்கும்.

4. பழைய சைக்கிள் வாங்கும்போது

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், புதுப் பெயின்ட் பழைய விரிசலை மறைக்கும். குழாய்கள் ஒட்டும் இடங்களிலும் முன் ஃபோர்க்கிலும் விரிசலோ, புதிதாக வெல்டிங் வைத்த அடையாளமோ இருந்தால் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ஆடினால் பெண்டு எடுக்க வேண்டும். கம்பிகள் ஒன்றாவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கலாம். டயரில் வெடிப்பு இருக்கலாம். இவற்றை மாற்ற ஆகும் செலவைச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஹேண்டில் பாரின் இரு முனையிலும் ரப்பர் பிடி கட்டாயம் இருக்க வேண்டும். மொட்டைக் குழாய் வயிற்றில் குத்தினால் ஆபத்து.

5. பெண் பிள்ளை சைக்கிள் ஓட்டலாமா?

"வயசுக்கு வந்த பிள்ளை சைக்கிள் ஓட்டினா கர்ப்பப்பை இறங்கிடும், பின்னால குழந்தை நிக்காது" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். இது உண்மை அல்ல. கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. சைக்கிள் ஓட்டுவதால் அது இறங்காது, பிள்ளைப்பேறும் கெடாது. மாதவிலக்கு நாட்களிலும், உடம்பு முடிந்தால் தாராளமாக ஓட்டலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். வேலைக்கும் தண்ணீருக்கும் சைக்கிளிலேயே போனார்கள். தாய் ஓட்டியது மகளுக்கு மட்டும் ஆகாதா? வீட்டில் ஒரே சைக்கிள் என்றால், பையனுக்கு என்று ஒதுக்காதீர்கள். தூரமாகப் போகிற பிள்ளைக்குக் கொடுங்கள்.

6. கற்றுக்கொடுப்பது

இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, மேடு பள்ளமில்லாத களத்துமேட்டில் காலாலேயே உந்திப் போகச் சொல்லுங்கள். சில நாளில் சமநிலை வந்துவிடும். பிறகு பெடலை மாட்டுங்கள். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் முழுதாக வந்திருக்காது. அந்த வயதில் பெரிய ரோட்டுக்குத் தனியே விடாதீர்கள். பள்ளிக்குப் போகும் வழியில் முதல் ஒரு வாரம் பெற்றோரில் ஒருவர் கூடவே போய், இடப்பக்கம் ஓட்டவும், ரோட்டைக் கடக்குமுன் இறங்கித் தள்ளவும் பழக்குங்கள். தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு, தாடைப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். பின் மட்கார்டில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள்.

சின்னக் குழந்தையைக் கேரியரில் வெறுமனே உட்கார வைக்கக் கூடாது. குழந்தையின் கால் கம்பிக்குள் போய்விடும். பின்சக்கரத்துக்குக் கம்பி மறைப்பு போட்டு, கால் வைக்க இடமும் இருந்தால்தான் ஏற்ற வேண்டும்.

7. அடிபட்டால்

சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரும் சோப்பும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மண், சாம்பல், இங்க் எதையும் வைக்காதீர்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி தடுப்பூசி போட்டாயிற்றா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

கால் கம்பியில் சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், சக்கரத்தையும் சுற்றாதீர்கள். கம்பியை வெட்டியோ கழற்றியோ காலை எடுங்கள். மேலே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், உள்ளே நசுங்கியிருக்கலாம்.

தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம், வலிப்பு வந்தாலும், ஹேண்டில் பார் குத்திய பிறகு வயிறு வலித்தாலும், வெளிக்காயம் இல்லாவிட்டாலும், தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள்.

8. மோட்டார் வண்டி வேண்டாம்

"சைக்கிள் மிதிச்சுக் கஷ்டப்படுவானேன், வண்டியவே எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் உண்டு. 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு 16 வயது, மற்ற வண்டிகளுக்கு 18 வயது ஆன பிறகே லைசென்ஸ். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. விளம்பரத்தில் வரும் மோட்டார் பொருத்திய நாலு சக்கரச் சிறுவர் வண்டியும் வேண்டாம். அது பள்ளிக்கூடத்துக்கு ரோட்டில் ஓட்டிப் போகும் வண்டி அல்ல. கவிழ்ந்தால் அதன் முழு எடையும் பிள்ளையின் மேல் விழும்.

9. இடைவெளியின் நன்மை

மூத்த பிள்ளைக்கு 7 வயதில் வாங்கிய 20 அங்குல சைக்கிள், 10 வயதில் அதற்குச் சிறிதாகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால், அப்போது இளையதற்குச் சரியாக 7 வயது. பிரேக் கட்டையை மாற்றி, ஓவராயிலிங் செய்துகொடுத்தால் அதே சைக்கிள் மறுபடி ஓடும். சைக்கிளுக்கு மட்டுமா? தாயின் உடம்பு தேறவும், ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் இருந்து வளர்க்கவும் அந்த மூன்று ஆண்டு தேவை. காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை ஆகியவை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். இருவரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

* காலை அளந்து வாங்குங்கள். வயதைச் சொல்லி வாங்காதீர்கள்.
* பாதம் தரையில் பட வேண்டும். விரல் பிரேக்கை எட்ட வேண்டும்.
* பளபளப்பில் மிச்சம் பிடியுங்கள், பிரேக்கில் பிடிக்காதீர்கள்.
* ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாசற்கால் கோடு, சீட் உயரம் இரண்டையும் பாருங்கள்.
* பெண்ணுக்கும் ஆணுக்கும் சைக்கிள் ஒன்றே.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரிலிருந்து உயர்நிலைப் பள்ளி எவ்வளவு தூரம்? வழியில் ஆபத்தான இடம் எது?
2. உங்கள் தெருவில் யார் வீட்டில் சிறிதாகிப்போன சைக்கிள் சும்மா கிடக்கிறது? அது எந்தப் பிள்ளைக்குப் பொருந்தும்?
3. தூரத்தைக் காரணம் சொல்லிப் படிப்பை நிறுத்திய பிள்ளை உங்கள் ஊரில் உண்டா? அதற்கு ஒரு சைக்கிள் ஏற்பாடு செய்ய உங்கள் சுய உதவிக் குழு என்ன செய்யலாம்?

அளவான சைக்கிள், அச்சமில்லாத பயணம்!