ரேடியேட்டர் ஏன் கொதித்தது?

எங்க அப்பா முத்தையாபுரம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றும் சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார்கள். போன மாதம் ஹார்பர் ரோட்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறி, முன்பக்கம் ஆவி கிளம்பியது. மூடியைத் திறக்கப் போனேன். "ஏல, தொடாத!" என்று அப்பா கையைத் தட்டிவிட்டார்கள்.

அந்த மூடி நம்ம வீட்டுக் குக்கர் மாதிரி அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் விட்டு, நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்!

மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தார். "அண்ணாச்சி, போர்த் தண்ணியத்தான் ஊத்துதியளோ?" அப்பா பேசவில்லை. குழாய்களுக்குள் வெந்நீர்ப் பானையில் படிவது போல வெள்ளைப் படிவு. பாடத்தில் படித்த கடின நீர் வேலைதான் இது. படிவு வெப்பத்தை வெளியே விடாது. வெளித் தகடுகளோ உப்புக்காற்றில் அரித்து, தொட்டதும் உதிர்ந்தன.

புதுசு மாட்டி, காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றினார். ஆறிய எஞ்சினை மூடி போடாமல் ஓடவிட்டு, காற்றுக் குமிழ் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

இரண்டு நாள் லோடு போச்சு. மிச்சக் கூலன்ட் கேன் வண்டியில் இருக்கிறது. அது விஷம். தம்பி குடித்துவிடக் கூடாதே என்று, மேலே மண்டை ஓடு வரைந்தது நான்தான்.